கிளவுஸ் அக்காவும் பச்சைச் சாயமும்

எங்கள் விதைப் பரிசோதனைக் கூடத்தில் கிளவுஸ் அக்காவுக்கு யாராவது கை கொடுக்க வந்தால், அவள் முழங்கையைத்தான் நீட்டுவாள். நான் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு எனக்கும் முழங்கைதான் கிடைத்தது. "தப்பா நினைக்காதே தங்கச்சி, கை ரெண்டும் டூட்டில இருக்கு" என்று சொல்லிச் சிரித்தாள். இரண்டு கையிலும் நீல நிற ரப்பர் உறை. அதைப் போட்டுக்கொண்டு கதவைத் தொட மாட்டாள், போனை எடுக்க மாட்டாள், மூக்கு அரித்தால்கூடத் தோள்பட்டையில்தான் தேய்த்துக்கொள்வாள்.

நான் வாசல் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, வருகிற விதைப் பொட்டலங்களை வாங்கி, எண் ஒட்டி உள்ளே அனுப்புகிறவள். தக்காளி, மிளகாய், மக்காச்சோளம் என்று கம்பெனிகளிலிருந்து வரும். பையின் மேல் எழுதியிருக்கிற ரகம்தான் பைக்குள்ளும் இருக்கிறதா என்று நாங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். வெறும் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால் விதையை இடித்து, அதிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, ஜெல்லில் ஓடவிட்டுப் பார்ப்பார்கள். அந்த ஜெல் அறைதான் அக்காவின் ராஜ்ஜியம்.

நடையின் கடைக்கோடியில் இருந்தது அது. இருந்த ஒரே ஜன்னலுக்கும் கறுப்புக் காகிதம் ஒட்டியிருக்கும். கடல்பாசித் தூளைத் தண்ணீரில் போட்டு மைக்ரோவேவில் காய்ச்சி, தட்டில் ஊற்றி, ஆறவைத்தால் கெட்டியாகிவிடும். அதுதான் ஜெல். அதன் ஓரத்தில் சின்னச் சின்னக் குழிகள். குழிக்குள் டி.என்.ஏ.வை விட்டு, மின்சாரம் கொடுத்தால், அது ஜெல்லுக்குள் நீந்திப் போகும். போனது எங்கே நிற்கிறது என்று பார்க்கத்தான் சாயம் வேண்டும். டி.என்.ஏ. முறுக்கின ஏணி மாதிரி இருக்குமாம். சாயம் அந்த ஏணிப் படிகளுக்கு நடுவே போய்ச் சொருகிக்கொள்ளும். ஜெல்லை யூவி, அதாவது புற ஊதா விளக்குப் பெட்டியின் மேல் வைத்தால், சொருகின இடமெல்லாம் ஆரஞ்சுக் கோடு கோடாக ஒளிரும்.

பார்க்க அவ்வளவு அழகு. வம்பே அதில்தான் இருந்தது. விதையின் டி.என்.ஏ.வுக்குள் சொருகுகிற சாயம், நம்முடையதற்குள் சொருகாமல் இருக்குமா? அக்காவுக்கு வேலை கற்றுக்கொடுத்துவிட்டு வேறு ஊருக்குப் போன பழைய ஆள், போகும்போது ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்: "இது புற்றுநோய்ச் சாயம், தொட்டா அவ்வளவுதான்."

அக்கா அதை வீட்டில் போய் வேடிக்கையாகச் சொன்னாள். அவளுடைய மாமியாருக்கு அது வேடிக்கையாகப் படவில்லை.

மாமியார் தையல்காரி. வாசலை ஒட்டின அறையில் மெஷின் போட்டுத் தைப்பவர். வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டே முழு வாக்கியமாகத் திட்டக்கூடியவர். அன்றைக்கே வீட்டுச் சட்டதிட்டமெல்லாம் மாறிவிட்டது. வாசல் கதவுக்குப் பின்னால் ஒரு நாற்காலி வந்தது. அதில் மாற்று உடுப்பும் துண்டும். அக்கா வேலையிலிருந்து வந்தால் குளித்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். "என் பேத்தியத் தொடணும்னா முதல்ல சோப்பத் தொடு" என்பது மாமியாரின் கட்டளை. அக்காவின் பெண் அப்போது நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள். குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று தட்டிக்கொண்டே இருப்பாளாம்.

அக்காவின் கணவர் இரண்டு தெரு தள்ளி லாண்டரி கடை வைத்திருந்தார். அவர் தன் பங்குக்குக் கடையில் ஒரு மெஷினை மனைவியின் துணிக்கென்றே ஒதுக்கிவிட்டார். மேலே ஒரு அட்டை: "இது வீட்டம்மாவுக்கு மட்டும்." துணி கொடுக்க வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, உங்களுக்கு மெஷின் இல்லையா? கையாலதானா?" என்று கிண்டலடிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். அட்டையை மட்டும் எடுக்கவில்லை.

வருஷா வருஷம் எங்களுக்கு உடம்பு பரிசோதனை உண்டு. கம்பெனி டாக்டர் ஒரு நிதானமான பெண்மணி. ஒரு தடவை அக்கா உள்ளே போனதும் அவள் மாமியாரும் பின்னாலேயே நுழைந்துவிட்டார். கதவு திறந்திருந்ததால் வெளியே வரிசையில் நின்ற எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"டாக்டரம்மா, ஒளிக்காம சொல்லுங்க. இவளுக்கு ஏதாவது வந்துடுமா?"

"வந்துடும்னு யாரும் நிரூபிக்கலம்மா. பாக்டீரியாவ வெச்சுச் செஞ்ச சோதனைல, இந்தச் சாயம் மரபணுவ மாத்துதுன்னு தெரிஞ்சிருக்கு. மனுஷங்களுக்குப் புற்றுநோய் வந்ததா ஆதாரம் கிடையாது. அதுக்காக வரவே வராதுன்னு யாரும் எழுதிக் குடுக்கவும் இல்ல. அதனாலதான் கிளவுஸ். இவங்க பண்றது எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்னா என்னம்மா அர்த்தம்?"

டாக்டர் அவரைச் சமாதானப்படுத்த நினைத்து இன்னொரு விஷயம் சொன்னார். "சில நாடுகள்ல மாட்டுக்கு வர்ற ஒரு ரத்த நோய்க்கு இதையே ஊசியா போட்டிருக்காங்கம்மா. மாடெல்லாம் பொழைச்சுதான் இருந்துச்சு."

"மாட்டுக்குப் போட்டா?" மாமியாரின் குரல் உயர்ந்தது. "என் மருமகளும் மாடும் ஒண்ணா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்ததில், அடுத்து ரத்த அழுத்தம் பார்க்கப் போன கணக்குப் பிரிவுக்காரருக்கு எண் எகிறிவிட்டது. அக்கா மட்டும் வெளியே வரும்போது முகம் சிவந்து, "அத்தை, நாளையிலருந்து நான் இங்க எப்படித் தலைநிமிர்ந்து நடக்கிறது?" என்று முனகினாள். மாமியார், "தலைய நிமித்து, கையத் தாழ்த்தி வெச்சுக்கோ. எதையும் தொடாத" என்றார்.

இப்படியே வருஷங்கள் ஓடின. பயம் அக்காவை ஒடுக்கவில்லை. அது அவளுக்கு ஒரு கைத்திறமையாகவே ஆகிவிட்டது. அறைத் தரையில் சிவப்பு டேப்பால் ஒரு கோடு போட்டிருந்தாள். கோட்டுக்கு அந்தப் பக்கம் கிளவுஸ் இல்லாமல் ஈ எறும்புகூட நுழையக்கூடாது. கதவுக்குப் பக்கத்துச் சுவரில் "அபாயம்" என்று ஒரு பலகை. அதற்குக் கீழே ஒரு ஆணியில் முகம் முழுக்க மறைக்கிற கண்ணாடிக் கவசம். யூவி பெட்டிக்கு ஒரு மூடி உண்டு. ஆனால் ஜெல்லிலிருந்து கோடுகளை வெட்டி எடுக்கும்போது மூடியைத் தூக்கித்தான் ஆகவேண்டும். அப்போது அந்தக் கவசத்தை மாட்டிக்கொள்வாள். பலகையைப் பார்ப்பது, கவசத்தை எடுப்பது, மாட்டுவது என்று மூன்றும் அவளுக்கு ஒரே அசைவாகப் பழகியிருந்தது.

ஒரு நாள் எங்கள் தலைமை அதிகாரி, நாங்கள் பெரிய மேடம் என்று சொல்கிறவர், எல்லாரையும் கூப்பிட்டு அறிவித்தார். பழைய சாயத்தை நிறுத்தப்போகிறோம். புதுச் சாயம் வரப்போகிறது. ஆரஞ்சு இல்லை, பச்சையாக ஒளிரும். யூவி கூட வேண்டாம், நீல வெளிச்சமே போதும். புட்டியின் மேலேயே "சேஃப்" என்று போட்டிருக்கிறது.

அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே, "நிஜமாவா மேடம்?" என்று கேட்டாள். சின்னப் பிள்ளை மாதிரி இருந்தது அந்தக் குரல்.

புதியது வருவதற்குமுன் பழையதைத் துடைத்தெடுக்க வேண்டும். அதற்கு ஒல்லி சார் ஒரு கைவிளக்கோடு வந்தார். அவர் எங்கள் விஞ்ஞானி. ஆள் உயரம், அகலம் மட்டும் இல்லை. எல்லாரும் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டோம். அறை விளக்கை அணைத்துவிட்டு, கைவிளக்கின் யூவி வெளிச்சத்தை அங்கங்கே காட்டினார். சாயம் சிந்தின இடம் ஆரஞ்சாகக் காட்டிக்கொடுக்கும்.

மேசை சுத்தம். தொட்டி சுத்தம். அக்கா பெருமையாக நிமிர்ந்து நின்றாள். அப்புறம் இழுப்பறைக் கைப்பிடியில் ஒரு ஆரஞ்சுப் பொட்டு. மைக்ரோவேவ் கதவில் ஒரு கீற்று. நாற்காலியின் அடிப்பக்கத்தில் ஒரு விரல் அடையாளம்.

"ஐயோ, நாற்காலிக்கு அடியில யாரு கைய வெச்சது?" என்றாள் அக்கா.

"உக்காரும்போது எல்லாரும் நாற்காலிய இழுப்போமே" என்றார் ஒல்லி சார்.

அறையை விட்டு வெளியே வந்து என் மேசைக்கும் விளக்கைக் காட்டினார்கள். என் பேனாவின் மேல் ஒரு சின்ன ஆரஞ்சுத் துளி. யாரோ ஜெல் அறைக்கு இரவல் வாங்கிப்போய்த் திருப்பிக் கொடுத்த பேனா. எனக்குப் பேனா மூடியைக் கடிக்கிற பழக்கம் உண்டு. அன்றோடு விட்டேன்.

திடீரென்று அக்கா வீல் என்று கத்தினாள். விளக்கு அவள் பக்கம் திரும்பியிருந்தது. வெள்ளைக் கோட்டுக்கு வெளியே தெரிந்த சட்டைக் காலர் பளீரென்று நீலமாக ஜொலித்தது.

"சார், என் கழுத்தெல்லாம் பரவிடுச்சு! எனக்கு முடிஞ்சுது கதை!"

ஒல்லி சாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அக்கா, அது சோப்புத் தூள். துணி வெளுப்பாத் தெரியணும்னு அதுல ஒரு பொருள் கலப்பாங்க. யூவி பட்டா நீலமா ஒளிரும். நம்ம சாயம் ஆரஞ்சு. இதப் பாருங்க" என்று விளக்கைத் தன் பக்கம் திருப்பினார். அவருடைய சட்டையும் நீலமாக எரிந்தது. என்னுடையதும்தான். சுவரில் மாட்டியிருந்த வெள்ளைக் காகிதம்கூட எரிந்தது. அந்த இருட்டில் நாங்கள் எல்லாரும் நியான் விளம்பரப் பலகைகள் மாதிரி நின்றோம்.

அன்று சாயங்காலம் அக்கா இதைச் சொன்னபோது அவள் கணவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டாராம். "பாத்தியா, நானும் ஒளிர்ற சாயத்துல வேலை பாக்குற ஆளுதான். நீ ஆரஞ்சு, நான் நீலம்."

பொட்டு பொட்டாகத் துடைத்து, மறுபடியும் விளக்குக் காட்டி, எதுவும் ஒளிரவில்லை என்று ஆனபிறகு அறைக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தார்கள். சுவரில் இருந்ததெல்லாம் கழற்றப்பட்டுப் பழைய பொருள்கள் அறைக்குப் போனது. அபாயப் பலகை போனது. பலகைக்குக் கீழே ஆணியில் தொங்கிய முகக்கவசமும் அதோடு சேர்ந்தே போனது. யாரும் கவனிக்கவில்லை.

புதுச் சாயம் வந்த நாள் எங்கள் கூடத்தில் ஒரே குதூகலம். புட்டியின் மேல் ஒரு பச்சை இலைப் படம்கூடப் போட்டிருந்தார்கள். அக்கா முதல் ஜெல்லை ஓடவிட்டாள். பச்சைக் கோடுகள் அழகாக வந்தன. வெளியே வந்து, கிளவுஸைக் கழற்றி, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, நடையில் நின்ற எல்லாருக்கும் வரிசையாகக் கை கொடுத்தாள். அன்றைக்குத்தான் அவள் விரல்களை நான் சரியாகப் பார்த்தேன். வருஷக்கணக்காக உறைக்குள் இருந்ததால் வெயில் படாமல், வேகவைத்து உரித்த முட்டை மாதிரி இருந்தன.

வீட்டில் மாமியார் கதவுக்குப் பின்னாலிருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் தையல் மெஷினுக்கு முன்னால் போட்டுக்கொண்டார். "அப்படியே உள்ள வா" என்று மருமகளை இழுத்துக் கட்டிக்கொண்டார். அக்காவின் பெண் இப்போது பள்ளிக்கூடம் போகிறவள். அவளுக்கு அதில் பெரிய ஆச்சரியம். குளிக்காத அம்மாவின் வாசம் எப்படியிருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்ததாம். "நல்லாவே இல்ல" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

அந்தச் சந்தோஷத்தில் கணவருக்கு ஒரு யோசனை உதித்தது. கடைக்குப் புதுப் பெயர்ப்பலகை செய்யக் கொடுத்திருந்தார். அதில் மனைவியின் படத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டால் என்ன? வெள்ளைச் சட்டையோடு, சிரித்த முகமாக. "இவ்வளவு நாளா ஒளிஞ்சுக்கிட்டு இருந்தவங்க. இனிமே ஊரே பாக்கட்டும்." போட்டோக்காரரிடம் நாள் குறித்தாயிற்று.

அந்த நாளுக்கு முந்தைய நாள்தான் அது நடந்தது.

புதுச் சாயத்துக்கான நீல விளக்குப் பெட்டி இன்னும் வரவில்லை. வந்துகொண்டே இருக்கிறது என்று மட்டும் தகவல் வந்துகொண்டிருந்தது. பரவாயில்லை, புதுச் சாயம் பழைய யூவி பெட்டியிலும் ஒளிரும் என்பதால் அதிலேயே வேலை ஓடியது. அன்றைக்கு விதைப்புக் காலத்து அவசரம். மிளகாய் ரகங்கள் குவிந்துகிடந்தன. ஒவ்வொரு ஜெல்லிலிருந்தும் கோடுகளை வெட்டி எடுத்துத் தனித்தனிக் குப்பியில் போடவேண்டும். அக்கா மூடியைத் தூக்கிவிட்டு, பிளேடைக் கையில் எடுத்து, குனிந்தாள். சுவரில் பலகை இல்லை. ஆணியில் கவசம் இல்லை. கையிலும் உறை இல்லை, சாயம்தான் சேஃப் ஆயிற்றே. மூக்கில் எப்போதும் இருக்கும் பவர் கண்ணாடி மட்டும் இருந்தது. மதியம் முழுக்க அப்படியே வேலை செய்தாள். நான் டீ குடிக்கக் கூப்பிடப் போனபோது கதவிடுக்கில் பார்த்தேன். பச்சை வெளிச்சத்தில் முகம் தெரிய, ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பல வருஷமாக அந்த அறையிலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டதே இல்லை.

வீட்டுக்குப் போகும்போது கன்னம் குறுகுறுத்தது. காற்று என்று நினைத்தாள். சாப்பிடும்போது முகம் திகுதிகு என்று எரிந்தது. காலையில் கண்ணாடி முன்னால் நின்றாள்.

நெற்றியும் மூக்கும் கன்னமும் பழுத்த தக்காளிச் சிவப்பு. கண்ணைச் சுற்றி மட்டும், பவர் கண்ணாடி இருந்த இடத்தில், இரண்டு வெள்ளை வட்டம்.

"அம்மா, நீ ஆந்தை மாதிரி இருக்க!" என்று கைதட்டினாள் பெண்.

கணவர் ஓடிவந்து பார்த்துவிட்டு, "இன்னிக்கு போட்டோ எடுக்கணுமே" என்றார். அடுத்த நொடியே, "சீ, அத விடு, வலிக்குதா?" என்றார். அந்த வரிசையை அக்கா இன்றுவரை மறக்கவில்லை, அவரையும் மறக்கவிடவில்லை.

மாமியார் தையலை நிறுத்தினார். வாயிலிருந்த குண்டூசியை ஒவ்வொன்றாக எடுத்து, ஊசி வைக்கிற சின்னப் பஞ்சுத் திண்டில் குத்தினார். குண்டூசியில்லாமல் பேசப்போகிறார் என்றால் விஷயம் பெரியது என்று அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

எங்கள் வாசல் கதவை அவர் தள்ளிக்கொண்டு வந்த வேகத்தில் என் மேசை மேலிருந்த பொட்டலங்கள் பறந்தன. பின்னால் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு அக்கா. "உங்க மேடம் எங்கம்மா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் உள்ளே போய்விட்டார்.

"சேஃபுன்னு சொன்னீங்களே, இதப் பாருங்க! பழைய சாயமாவது உள்ள ஒளிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. இது மூஞ்சியிலயே எழுதிட்டுப் போயிருக்கு!"

பெரிய மேடம் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். எதிர்வாதம் எதுவும் பண்ணவில்லை. மாமியாரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, கம்பெனி டாக்டருக்குப் போன் போட்டார். அக்கம்பக்கத்தில் இருந்ததால் டாக்டர் சீக்கிரமே வந்தார். அக்காவின் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்துகிறதா என்று கேட்டார். இல்லை என்றாள் அக்கா. கையைக் காட்டச் சொன்னார். இரண்டு மணிக்கட்டின் உள்புறமும் சிவந்திருந்தது. இடது மணிக்கட்டில் மட்டும் வாட்ச் இருந்த இடம் வார் அளவுக்கு வெள்ளையாக இருந்தது.

"அம்மா, இது சாயம் பண்ணின வேலை இல்ல" என்றார் டாக்டர். "சாயம் பட்டிருந்தா வாட்சையும் கண்ணாடியையும் பாத்துப் பாத்து விலகிப் போயிருக்காது. இது வெளிச்சம். கடற்கரை வெயில்ல நாள் முழுக்க நின்னா முகம் எரியுமே, அதே சங்கதி. அந்தப் பெட்டி வெளிச்சம் இன்னும் காட்டம். கண்ணாடி போட்டிருந்ததால கண்ணு தப்பிச்சுது. அதுதான் பெரிய விஷயம்."

"அப்போ சாயம் இல்லையா?"

"இல்ல."

"விளக்கா?"

"விளக்குதான்."

மாமியார் மருமகளின் கையை இழுத்து, மணிக்கட்டிலிருந்த வெள்ளை வாரை உற்றுப் பார்த்தார். பிறகு, "அடப் பாவமே, இத்தனை வருஷமா நான் ஆள் மாத்தித் திட்டிக்கிட்டு இருந்திருக்கேன்" என்றார்.

முதலில் சிரித்தது அக்காதான். சிரித்தால் கன்னம் எரிந்தது. எரிந்ததால் "ஆ" என்றாள். ஆ என்றதைப் பார்த்து மாமியாருக்குச் சிரிப்பு வந்தது. டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்தபோது அறையிலிருந்த எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

பெரிய மேடம் அன்றைக்கே எல்லாரையும் ஜெல் அறைக்கு முன்னால் கூட்டினார். "நீல விளக்கு வர்றதுக்கு முன்னாடி சாயத்த மாத்தினது என் முடிவு. கவசத்தக் கழட்டி எடுத்துட்டுப் போனத நான்தான் பாத்திருக்கணும்" என்று பளிச்சென்று சொன்னார். பிறகு புட்டியைத் தூக்கிக் காட்டினார். "இதுல சேஃபுன்னு எழுதியிருக்கிறது சாயத்தப் பத்தி மட்டும். அதுவும், பழசைவிட ஆபத்து குறைவுன்னு சில சோதனைகள்ல தெரிஞ்சிருக்குன்னு அர்த்தம். குடிக்கலாம்னு அர்த்தம் இல்ல. இதக் கரைச்சிருக்கிற திரவம் தோல் வழியாவே உள்ள போகும், கூட இருக்கிறதையும் இழுத்துக்கிட்டுப் போகும். அதனால கிளவுஸ் போட்டுத்தான் ஆகணும். விளக்கு சேஃபுன்னு யாரும் எழுதல. கொதிக்கிற ஜெல் சேஃபுன்னும் யாரும் எழுதல."

கூட்டத்தில் பின்னால் நின்ற ஒல்லி சார் தன் முழங்கைத் தழும்பைத் தடவிக்கொண்டார். மைக்ரோவேவிலிருந்து எடுத்த ஜெல் பொங்கி அவர் கையில் வழிந்தது அதற்கு முந்தின வருஷம். அதை அவர் பக்கத்திலிருந்தவருக்குத் திருப்பிக் காட்டினார். யாரோ பழைய பொருள்கள் அறைக்கு ஓடிப்போய் முகக்கவசத்தைத் தூசி தட்டிக் கொண்டுவந்தார்கள்.

போட்டோக்காரர் சொன்ன நேரத்துக்கு லாண்டரிக்கு வந்துவிட்டார். அக்காவைப் பார்த்தார். கேமராவைப் பையிலிருந்து எடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்தார். "கொஞ்சம் பவுடர் போட்டா..." என்று இழுத்தார்.

"பவுடர் போட்டா மாவுல பொரட்டின தக்காளி மாதிரி இருக்கும்" என்றார் கணவர். "இன்னொரு நாள் வெச்சுக்கலாம்."

"பலகைக்காரன் நாளைக்கு அச்சடிக்கணும்ங்கிறான்" என்றார் போட்டோக்காரர்.

அக்காவின் பெண்தான் வழி சொன்னாள். "அம்மா அந்தக் கவசத்தப் போட்டுக்கட்டும். அதுக்குள்ள யாருக்கு மூஞ்சி தெரியப்போகுது?"

ஒல்லி சார் கவசத்தையும் புது வெள்ளைக் கோட்டையும் இரவலாகக் கொண்டுவந்து கொடுத்தார். அக்கா கோட்டு, நீல உறை, முகக்கவசம் சகிதமாக நின்று, இஸ்திரி போட்ட ஒரு வெள்ளைச் சட்டையைத் தூக்கிப் பிடித்தாள். கணவர் பக்கத்தில் நின்றார். "நான் இல்லாம எப்படி?" என்று மாமியாரும் வந்து நடுவில் நின்றுகொண்டார். கவசத்தின் மேல் வெளிச்சம் பட்டுப் பளபளத்ததில் அக்காவின் முகம் பாதிதான் தெரிந்தது. தெரிந்த பாதி சிரித்துக்கொண்டிருந்தது.

பலகை மாட்டின மறுநாள் ஒருவர் வந்து, இங்கே ரத்தப் பரிசோதனை செய்வீர்களா என்று கேட்டார். இன்னொருவர் கதவைத் திறந்து பார்த்துவிட்டுப் பயந்து ஓடிப்போனார். அதற்கப்புறம் நிஜமாகவே கூட்டம் வர ஆரம்பித்தது. வேறெங்கும் போகாத கறை இந்தக் கடையில் போய்விடும் என்று ஊரில் ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. விஞ்ஞான முறையில் வெளுக்கிறார்களாம். கணவர் மறுக்கவும் இல்லை, ஆமாம் என்று சொல்லவும் இல்லை. "வீட்டம்மா அந்த லைன்லதான் இருக்காங்க" என்று மட்டும் சொல்லி வைத்தார்.

அக்காவின் தோல் உரிந்து, புதுத்தோல் வந்து, பழைய முகம் திரும்பியது. நீல விளக்குப் பெட்டியும் வந்து சேர்ந்தது. அதற்கு மஞ்சள் பழுப்பில் ஒரு மூடி. அதன் வழியாகப் பார்த்தால் பச்சைக் கோடுகள் தெளிவாகத் தெரியும், கண்ணுக்கும் தொந்தரவில்லை. யூவி பெட்டி மேசையின் மறுமூலைக்குப் போனது, அதற்குப் பக்கத்திலேயே இப்போது தனி ஆணி. புதிதாகச் சேருகிறவர்களுக்கு அந்த அறையைச் சுற்றிக் காட்டுவது அக்காவின் பொறுப்பு. புற்றுநோய்ச் சாயம் என்று அவள் யாரையும் மிரட்டுவதில்லை, சேஃப் சாயம் என்று தட்டிக்கொடுப்பதும் இல்லை. "எது எதுக்குப் பயப்படணும்னு தெரிஞ்சுக்கோ. மீதி நேரம் ஜாலியா வேலை பாரு" என்பாள். இப்போது வேலை செய்யும்போது பாடுகிறாள், கவசத்துக்குள்ளிருந்து. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கேட்கும். போகட்டும் என்று பொறுத்துக்கொள்கிறோம்.

போன மாதம் வேறொரு ஊரிலிருக்கும் எங்கள் கிளைக் கூடத்தில் சாயம் மாற்றவேண்டும் என்று அவளைத்தான் அனுப்பினார்கள். தனியாக அவள் செய்த முதல் வெளியூர்ப் பயணம். மாமியார் களிம்பு, அகலத் தொப்பி, தானே தைத்த நீளக் கைச்சட்டை எல்லாம் பெட்டியில் அடுக்கிக் கொடுத்தார். போய்ச் சேர்ந்த மத்தியானமே எனக்குப் போன் வந்தது.

"தங்கச்சி, எல்லாரும் ரொம்ப நல்லவங்க. வந்ததும் டீ போட ஆரம்பிச்சாங்க. பால் எங்க வெச்சிருக்காங்கன்னு போய்ப் பாத்தேன்."

"எங்க?"

"சாய புட்டிக்குப் பக்கத்துல. ஒரே ஃபிரிட்ஜ்ல!"

"ஐயோ! குடிச்சுட்டீங்களா அக்கா?"

"பால் வேண்டாம், எனக்கு வெறும் டீதான் பிடிக்கும்னு சொல்லிட்டேன்" என்று சிரித்தாள். "நாளைக்குக் காலைல முதல் வேலை அந்த ஃபிரிட்ஜ்தான். நீ உன் மேசைய விட்டு ஒரு வாரம் இங்க வந்துடேன். கைவிளக்கப் பிடிச்சுக்க ஒரு ஆள் வேணும். இங்க என்னென்ன ஒளிரப்போகுதுன்னு பாக்கவே எனக்கு ஆசையா இருக்கு."